சேலம் கொலுசுப் பட்டறைகளுக்கான நச்சுக்கழிவு குறைப்புச் சேவை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்ப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று சேலத்தைச் சுற்றிக் கொலுசு செய்கிற பட்டறைகளுக்கும், அவற்றுக்கு முலாம் போட்டுக் கொடுக்கிற கடைகளுக்கும் கழிவுக் குறைப்பு ஆலோசனை என்று ஒரு சேவை கிடைக்கிறது. வேதிப் பொறியாளர் ஒருவர், முலாம் வேலையில் பழகியவர் ஒருவர், பிளம்பர் ஒருவர் என்று மூவர் வருகிறார்கள். முதலில் எதையும் தொடாமல் வேலை நடப்பதைப் பார்த்து அளக்கிறார்கள். பிறகு தொட்டி, குழாய், பற்றாசு (வளையங்களை ஒட்ட உருக்கும் உலோகக் கலவை), ஆசிட் என்று எதை எதை மாற்றலாம் என எழுதிக் கொடுத்து, உரிமையாளர் ஒப்புக்கொண்டதை அமைத்தும் தருகிறார்கள். பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையை யார் செய்தாலும் சரிபார்க்க வேண்டியவை இவைதான் என்பதால், சேவையின் சரக்கை மட்டும் எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அலசும் தொட்டிகளை மாற்றியமைப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். காட்மியம் இல்லாத பற்றாசுக்கு மாற்றியது நல்ல வேலை, ஆனால் அதைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். ஆசிட் விஷயத்தில் கொஞ்சம் சறுக்கல். சயனைடே இல்லாத வெள்ளி முலாம் என்று அவர்கள் தரும் யோசனையை இப்போதைக்கு ஏற்க வேண்டாம்.

அலசலில் இருந்து தொடங்குவோம், பணமும் நஞ்சும் சேர்ந்து ஓடுவது அங்கேதான். முலாம் கடையில் கழிவு எது என்றால் பழைய கரைசலைக் கொட்டுவதைத்தான் பலரும் சொல்வார்கள். வெள்ளிக் கரைசலை யாரும் கொட்டுவதில்லை. வெளியே போவது கொலுசில் ஒட்டிக்கொண்டு வரும் ஈரம். வழுவழுப்பான தகட்டில் ஒட்டுவதைவிடச் சங்கிலியில் பல மடங்கு ஒட்டும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் மணிக்குள்ளும் கரைசல் தங்கிவிடுகிறது.

அதை அளக்க இவர்கள் கையாளும் முறை எளிமையானது, பாராட்டத்தக்கது. முலாம் தொட்டிக்கு அடுத்து 30 லிட்டர் நல்ல தண்ணீரை வைத்து, நாள் முழுக்க அதிலேயே அலசச் சொல்கிறார்கள். மாலையில் அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். லிட்டருக்கு 2.3 கிராம் வெள்ளி இருப்பதாக முடிவு வந்தால், 30 லிட்டரில் ஏறக்குறைய 70 கிராம். முலாம் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் வெள்ளி இருந்தால், அன்று 2 லிட்டர் கரைசல் கொலுசோடு வெளியே வந்திருக்கிறது என்று பொருள். இந்த ஒரு எண் கையில் இல்லாமல் தொட்டி விற்க வருபவர்களிடம் பேச்சுக் கொடுக்கவே வேண்டாம்.

வெள்ளி முலாம் கரைசலில் சயனைடும் இருக்கிறது. அதே 2 லிட்டரில் அது எவ்வளவு என்று பாருங்கள். லிட்டருக்கு 50 கிராம் பொட்டாசியம் சயனைடு தனியாகவும், வெள்ளியோடு பிணைந்தது வேறாகவும் இருக்கும் கரைசலில், சயனைடாக மட்டும் கணக்கிட்டால் லிட்டருக்கு 37 கிராம் வரும். 2 லிட்டருக்கு 74 கிராம். முலாம் ஆலைக் கழிவுநீரில் அனுமதிக்கப்பட்ட சயனைடு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். வெறும் தண்ணீர் ஊற்றி அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 3,70,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி முப்பதுக்கு மேல், ஒரே நாளுக்கு. நீர்க்கச் செய்து விட்டுவிடலாம் என்ற பேச்சு எந்தப் பட்டறையிலும் இதோடு முடிந்துவிட வேண்டும். நகரத்துச் சாக்கடை நீர் சேரும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் ஓடி, நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் கலக்கிறது. வழியெல்லாம் கிணறும் வயலும்தான்.

அலசலுக்கு இவர்கள் அமைப்பது எதிரோட்டத் தொட்டிகள். கொலுசு முதல் தொட்டியில் இருந்து மூன்றாவதற்குப் போகும். தண்ணீர் மூன்றாவதில் நுழைந்து இரண்டாவது வழியாக முதலாவதற்கு வரும். கணக்கு இப்படி: கொலுசில் ஒட்டியதை ஆயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும், ஒரு நாளில் ஒட்டி வருவது 2 லிட்டர். ஒரே தொட்டியில் அலசினால் 2,000 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். இரண்டு தொட்டி என்றால் 63 லிட்டர். மூன்று என்றால் 20 லிட்டர். ஆயிரத்தின் வர்க்கமூலமும் கனமூலமும்தான் இந்த வித்தியாசத்தைத் தருகின்றன. நான்காவது தொட்டி வைத்தால் இன்னும் குறையும், ஆனால் சின்னப் பட்டறையில் இடத்தை அடைப்பதுதான் மிச்சம். மூன்றோடு நிறுத்துவது சரியான தீர்மானம்.

காகிதத்தில் வரும் 20 லிட்டர் தரையில் வராமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. தண்ணீர் உள்ளே வரும் குழாயும் வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் இருந்தால், நல்ல தண்ணீர் மேலாக ஓடி அப்படியே வெளியே போய்விடும். உள்குழாய் ஒரு ஓரத்தில் அடிவரை இறங்க வேண்டும், வெளிக்குழாய் எதிர் ஓரத்தில் மேலே இருக்க வேண்டும். தொட்டிக்குத் தொட்டி 5 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் பம்ப் இல்லாமலே ஓடும். கொலுசைக் கொத்தாகக் கூடையில் போட்டு முக்கினால் நடுவில் இருப்பது அலசப்படாது; தனித்தனியாக, ஒரு முனையைப் பிடித்துத் தொங்கும்படி மாட்ட வேண்டும். முக்கி எடுத்தால் மட்டும் போதாது, இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். தண்ணீரைக் கலக்கக் காற்று ஊதும் அமைப்பைச் சில இடங்களில் பொருத்தியிருக்கிறார்கள். சயனைடு தொட்டிக்கு அடுத்த அலசலில் இதை வைக்கக்கூடாது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைந்து கார்பனேட் சேரும்; அந்தத் தண்ணீரை முலாம் தொட்டிக்குத் திருப்பினால் முலாம் கெடும். கையால் ஆட்டுவதே நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு மாற்றம் இருக்கிறது. முலாம் தொட்டிக்கு மேலே குறுக்காக ஒரு பிவிசி கம்பி போட்டு, கொலுசு மாட்டி வெளியே எடுத்த ஹேங்கரை 15 விநாடி அதில் தொங்கவிட வேண்டும். வடிய வேண்டியதில் பெரும்பகுதி அந்தச் சில விநாடிகளிலேயே வடிந்துவிடும். முலாம் தொட்டிக்கும் அலசல் தொட்டிக்கும் நடுவில், முலாம் பக்கம் சாய்ந்தபடி ஒரு பிளாஸ்டிக் பலகை. சொட்டுவது திரும்ப உள்ளேயே போகும். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் 15 விநாடி நிற்க மாட்டார், அதுதான் நடைமுறைச் சிக்கல். கை வலிக்காமல் மாட்டிவிட்டு அடுத்த ஹேங்கரை எடுக்கப் போகலாம் என்பதற்காகத்தான் கம்பியே. இதை அவர்கள் யோசித்து அமைத்திருப்பது பட்டறை தெரிந்தவர் குழுவில் இருப்பதைக் காட்டுகிறது.

முதல் தொட்டியில் இருந்து வழியும் 20 லிட்டரில் அந்த 70 கிராம் வெள்ளியும் இருக்கிறது, லிட்டருக்கு 3.5 கிராம். அதை முழுவதும் முலாம் தொட்டிக்கே திருப்பிவிடலாமே என்று கேட்கலாம். 55, 60 டிகிரியில் ஓடும் நிக்கல் தொட்டியில் ஆவி போகும் அளவுக்கு இடம் கிடைக்கும், அங்கே அது நடக்கும். வெள்ளித் தொட்டி அறை வெப்பத்தில் இருப்பதால் ஒரு நாளில் 20 லிட்டர் ஏற்க அதில் இடமில்லை. அதனால் இவர்கள் மின்சாரம் பாய்ச்சி வெள்ளியைத் தகட்டில் படியவைக்கும் ஒரு சின்ன மின்பகுப்புப் பெட்டி வைக்கிறார்கள்: இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் தகடு, நேர்மின்சாரம் தரும் ஒரு ரெக்டிஃபையர், கரைசலைச் சுற்றவிட ஒரு பம்ப். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 4 கிராம் வெள்ளி படியும். கரைசல் நீர்த்திருப்பதால் பாதி மின்சாரம் வீணாகும் என்று வைத்தாலும், 5 ஆம்பியரில் 7 மணி நேரத்தில் 70 கிராம் வந்துவிடும். கூடவே ஒரு பங்கு சயனைடும் நேர்முனைத் தகட்டில் அழிகிறது. பெட்டி திறந்தவெளிக் காற்றோட்டத்தில் இருக்க வேண்டும், மூடிய அலமாரிக்குள் இருக்கக்கூடாது. தண்ணீர் குறைந்ததால் கிடைத்த இன்னொரு லாபம்: உப்பு நிறைந்த போர் தண்ணீருக்குப் பதிலாக ஆர்ஓ தண்ணீரில் அலச முடிகிறது. 2,000 லிட்டருக்கு ஆர்ஓ கட்டுப்படியாகாது, 20 லிட்டருக்குக் கட்டுப்படியாகும். கொலுசில் வெள்ளைத் திட்டு விழுவதும் அதோடு குறைகிறது.

மிச்சமிருக்கும் சயனைடை ஹைப்போகுளோரைட் ஊற்றி அழிக்கும் முறையைச் சரியாகவே கற்றுக் கொடுக்கிறார்கள். காஸ்டிக் சோடா போட்டு பிஹெச் 10.5க்கு மேல் ஏற்றிய பிறகுதான் ஹைப்போ. 10க்குக் கீழே இறங்கினால் சயனோஜன் குளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும். முதல் படி முடிந்ததும் பிஹெச்சை 8.5 பக்கம் இறக்கி மறுபடி ஹைப்போ. இரண்டு படிக்கும் சேர்த்துக் கிலோ சயனைடுக்கு 6.8 கிலோ குளோரின் என்பது ஏட்டுக் கணக்கு, நடைமுறையில் கூடுதலாகப் பிடிக்கும். கேனில் எழுதியிருக்கும் ஹைப்போ வலுவை நம்பக்கூடாது. சித்திரை வெயிலில் வெளியே கிடந்த கேனில் குளோரின் பாதிகூட இருக்காமல் போகலாம். ஸ்டார்ச் அயோடைடு தாள் (குளோரின் மிஞ்சியிருப்பதைக் காட்டும் தாள்) நீலமாகும் வரை ஊற்ற வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி வைக்கச் சொல்வது நல்ல பழக்கம்.

அடுத்தது பற்றாசு. கேடிஎம் என்று சொல்லும் பழைய பற்றாசுப் பொடியில் காட்மியம் இருக்கிறது என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அது ஏன் புகைகிறது என்பதைத்தான் இந்தக் குழு தெளிவாக விளக்குகிறது. வெள்ளி 45, செம்பு 15, துத்தநாகம் 16, காட்மியம் 24 என்ற பழைய கலவை 607 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கி 618இல் முழுதும் உருகிவிடும். ஆனால் பற்றாசு ஓட உதவுவதற்காகக் கூடவே போடும் வெங்காரம் (போராக்ஸ்) 743 டிகிரியில்தான் உருகும். வெங்காரம் ஓட வேண்டும் என்று சுடரைக் கூட்டுகிறார் வேலை செய்பவர். காட்மியம் கொதிப்பது 767இல். இரண்டுக்கும் இடைவெளி 24 டிகிரி, ஊதுகுழலில் அதைக் கட்டுப்படுத்த யாராலும் முடியாது. கிளம்பும் பழுப்புப் புகை காட்மியம் ஆக்சைடு. சுவாசித்த உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், நெஞ்சு இறுக்கம். சிறுநீரகத்தில் சேர்ந்தது பத்துப் பதினைந்து வருடம் ஆனாலும் முழுதாக வெளியேறாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நகையில் 0.01 சதவீதத்துக்கு மேல் காட்மியம் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011லேயே விதி கொண்டுவந்துவிட்டது. ஏற்றுமதிக் கனவு இருப்பவர்களுக்கு இதுவே போதுமான காரணம்.

மாற்றாக அவர்கள் தருவது வெள்ளி 56, செம்பு 22, துத்தநாகம் 17, வெள்ளீயம் 5. உருகும் எல்லை 618 முதல் 652 வரை. தேர்வு சரியானது. 75 சதவீத வெள்ளிப் பற்றாசை எடுத்திருந்தால் அது 740இல் தொடங்கி 788இல்தான் முழுதும் உருகும். 70 டச் (70 சதவீத வெள்ளி) கொலுசுக் கம்பியே 780 டிகிரியில் உருகத் தொடங்கிவிடுவதால் வளையம் சேர்ந்து கட்டியாகிவிடும். ஆனால் புதுப் பொடி, கேடிஎம் போல இடுக்கை நிரப்பிக்கொண்டு ஓடாது. வளையத்தின் இரு முனைக்கும் நடுவே 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் இடைவெளிதான் தாங்கும். கட்டிங் பிளேயரால் வெட்டிய முனை கூராக இருக்கும், இரண்டு கூர் முனை சேர்ந்தால் நடுவில் பள்ளம் விழும். புதுப் பொடி நிற்கவில்லை என்று புகார் வரும் இடங்களில் பொடியை மாற்றுவதற்கு முன் வெட்டைப் பாருங்கள். மெல்லிய ரம்பத்தால் தட்டையாக அறுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

652 டிகிரியில் வெறும் வெங்காரம் வேலை செய்யாது என்பதால் வெங்காரத்தின் இடத்தில் ஃபுளோரைடு கலந்த ஃபிளக்ஸ் கொடுக்கிறார்கள். அதன் புகையும் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். ஒரு நஞ்சை எடுத்துவிட்டு அதைவிடச் சிறிய இன்னொன்றை வைத்திருக்கிறோம் என்பதைத் தொழிலாளியிடம் சொல்லியாக வேண்டும், இவர்கள் அதை அழுத்திச் சொல்வதில்லை. உறிஞ்சு குழாயின் வாய் சுடருக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஊதுபத்தியைச் சுடர் இருக்கும் இடத்தில் பிடித்துப் பார்த்தால், புகை நேராகக் குழாய்க்குள் போக வேண்டும், சுடரோ வளையக்கூடாது. இதைச் சோதிக்காமல் எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுவரில் மாட்டிவிட்டுப் போன இடங்கள் உண்டு. அங்கே புகை, வேலை செய்பவரின் முகத்தைத் தாண்டித்தான் ஃபேனுக்குப் போகிறது.

பாதியில் விட்டது என்று சொன்னது இதைத்தான்: பத்து வைக்கும் (பற்றாசால் ஒட்டும்) வேலையில் பெரும்பங்கு பட்டறைக்குள் நடப்பதில்லை. வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெண்கள் செய்கிறார்கள். பயிற்சி உரிமையாளருக்கும் பட்டறை ஆட்களுக்கும் மட்டும் என்றால், இந்தப் புகையை மிக அதிகமாகச் சுவாசிக்கும் நுரையீரல்களை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். வீட்டு வேலைக்குக் கொடுக்கும் பொடியையும் உரிமையாளரே வாங்கித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பழைய ஸ்கிராப் பற்றியும் அவர்கள் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. கேடிஎம் வைத்த பழைய கொலுசை உருக்கும்போது 960 டிகிரிக்கு மேல் போகிறோம், இருக்கும் காட்மியம் எல்லாம் உலையில் இருந்து புகையாக வரும். டச் பார்க்கும் கடைகளில் எக்ஸ்ரே வைத்து உலோகக் கலவையைச் சொல்லும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் காட்மியத்தையும் காட்டும். பழையதைத் தனி டப்பாவில் சேர்த்து, புகை வடிகட்டி வைத்திருக்கும் சுத்திகரிப்பாளரிடம் கொடுப்பதே முறை.

ஆசிட். சூடு வைத்த கொலுசின் கறுப்பை எடுக்க 10 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட்டை 60 டிகிரியில் வைப்பது வழக்கம். பாதுகாப்பு என்று சொல்லி அதற்குப் பதில் சிட்ரிக் ஆசிட் வைக்கிறார்கள். கைக்கு நல்லதுதான். ஆனால் சிட்ரிக் ஆசிட் செம்பைப் பிடித்துக்கொண்டு விடாது. பிறகு சுண்ணாம்பு போட்டுச் செம்பைப் படியவைக்கப் பார்த்தால் பாதி கரைசலிலேயே நிற்கும், கழிவுநீர்ச் சோதனையில் தோற்கும். சோடியம் பைசல்ஃபேட் பொடி இரண்டுக்கும் நடுவழி: கையாளச் சுலபம், செம்பும் ஒழுங்காகப் படியும். எந்த ஆசிட்டாக இருந்தாலும் நீலமான உடனே கொட்டத் தேவையில்லை, அரிக்கும் வேகம் குறையும்போதுதான் மாற்ற வேண்டும். இரும்பு இடுக்கி உள்ளே போகவே கூடாது. போனால் கரைந்திருக்கும் செம்பு கொலுசின் மேல் சிவப்பாகப் படியும், அதை எடுக்க இன்னொரு முறை ஆசிட்.

அரத்தூளை நைட்ரிக் ஆசிட்டில் கரைத்து வெள்ளி பிரிப்பதைப் பின்கட்டில் செய்ய வேண்டாம் என்கிறார்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு கிலோ வெள்ளியைக் கரைக்க 68 சதவீத ஆசிட் ஒரு லிட்டர் பக்கம் வேண்டும். அதில் ஒரு பெரும்பகுதி செம்பழுப்பு வாயுவாக அண்டை வீட்டுக்குப் போகிறது.

இவர்கள் செய்ததிலேயே உயிர் காக்கும் வேலை ஒன்று இருக்கிறது, அறிக்கையில் அது கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது. ஆசிட் அலசிய தண்ணீரும் சயனைடு அலசிய தண்ணீரும் ஒரே வாய்க்காலில் சேரும் கடைகளில் இரண்டையும் பிரித்து, வெவ்வேறு நிறக் குழாயில், வெவ்வேறு தொட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். இரண்டும் சந்தித்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு. தாழ்வான கூரையுள்ள அறையில் சில மூச்சு போதும். வேறெதையும் செய்யப் பணமில்லை என்றாலும் இதை மட்டும் முதலில் செய்யச் சொல்லுங்கள். வாடகைக் கட்டடத்தில் தரையை உடைக்க முடியாவிட்டால், ஆசிட் பக்கத்தை வேறு அறைக்கு மாற்றி, அந்தத் தண்ணீரை டிரம்மில் பிடித்துவிடலாம்.

எண்ணெய்ப் பிசுக்கு நீக்க டிரைகுளோரோஎத்திலீனுக்குப் பதில் காரச் சோப்புக் கரைசலும் அல்ட்ராசோனிக் தொட்டியும், கறுக்காமல் இருக்க ஆறு இணைதிறன் குரோமியத்துக்குப் பதில் கரிமப் பூச்சும் வைக்கிறார்கள். இரண்டும் நன்றாக ஓடுகின்றன.

சயனைடு இல்லாத முலாம் கரைசல் மட்டும் அப்படி இல்லை. தொட்டியில் முக்கிய உடனே, மின்சாரம் பாயும் முன்பே, செம்பு கலந்த உலோகத்தின் மேல் வெள்ளி தளர்வாகப் படிந்துவிடுகிறது. அதன் மேல் ஏறும் முலாம் உரிகிறது. முதலில் வெள்ளி குறைந்த கரைசலில் மெல்லிய அடிப்பூச்சு தனியாகப் போட வேண்டும், அந்தத் தொட்டியை இவர்கள் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். சில கரைசல்கள் வெளிச்சத்தில் கெடும். வேண்டும் என்பவர்கள் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போன்ற இடத்தில் தங்கள் கொலுசையே கொடுத்துச் சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம். அலசலை ஒழுங்கு செய்த கடையில் சயனைடு வெளியே போவதே மிகக் குறைவு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மிஞ்சும் கசடு அபாயக் கழிவு. 2016ஆம் ஆண்டு விதிப்படி 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக்கூடாது, ஆண்டுக்கு 10 டன்னுக்குள் உள்ள சிறியவர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். கும்மிடிப்பூண்டியில் இருக்கும் பொதுக் கிடங்குக்கு அனுப்ப லாரி வாடகைதான் பெரிய செலவு. இரண்டு மூன்று கடைகள் ஒரே நாளில் அனுப்ப ஏற்பாடு செய்து, ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகப் படிவம் 10 (கழிவை ஏற்றி அனுப்பும் சீட்டு) எழுதித் தருகிறார்கள். தனியாகச் செய்தால் தலைவலி பிடிக்கும் வேலை இது, இந்த உதவிக்கே தனியாகக் காசு கொடுக்கலாம்.

குறைகளில் பெரியது பின்கவனிப்பு. அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது, தொட்டி அருகே நிற்பவருக்கு அது பயன்படாது. தமிழில் ஒரு பக்கச் செய்முறைத் தாள் கேட்டு வாங்குங்கள். ஆள் மாறினால் வடிய விடுவது நின்றுபோகும், அலசல் குழாயை யாராவது முழுசாகத் திறந்து வைப்பார்கள். மூன்றாவது தொட்டியில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் ஒரு டிடிஎஸ் பேனா, தண்ணீர்க் குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வாஷர், உள்வரும் தண்ணீருக்கு ஒரு மீட்டர் மூன்றையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

அவர்கள் வருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை: மூன்று மாத வெள்ளி உப்பு, சயனைடு, ஆசிட் பில்கள், தண்ணீர் லாரி பில்கள், முலாம் போட்ட கொலுசின் எடைக் கணக்கு, தரையடி வாய்க்கால் எங்கே போகிறது என்று கையால் வரைந்த படம். கட்டணத்தைப் பேசும்போது, அமைத்து மூன்று மாதம் கழித்து அதே 30 லிட்டர் சோதனையை மறுபடி செய்து, ஒட்டிப் போகும் வெள்ளி குறைந்திருப்பதைக் காட்டிய பிறகே கடைசித் தவணை என்று எழுதி வாங்குங்கள்.